வரியும் வாக்கும்
மும்பை மாநகர் தன் வரவு செலவை வகுத்துக்கொண்ட வரலாறு

நம் சங்கத்தின் பொதுக்குழு ஆண்டுதோறும் கூடுகிறது. செயலாளர் வரவு செலவுக் கணக்கை வாசிக்கிறார். பந்தற்காரருக்குக் கொடுத்த தொகை சென்ற ஆண்டைவிட நூறு ரூபாய் கூடியிருந்தால், பின்வரிசையில் அமர்ந்திருக்கும் அன்பர் ஒருவர் எழுந்து, “ஏன் கூடிற்று?” என்று கேட்கிறார். பொருளாளர் விடை கூறுகிறார். சில வேளைகளில் குரல் சற்றே உயர்வதும் உண்டு. ஆயினும் அக்கேள்வியை எவரும் குற்றமாகக் கொள்வதில்லை. கேட்பவர் சந்தா செலுத்தியவர். ஆதலால் கேட்கும் உரிமை உடையவர்.

மும்பை மாநகராட்சியின் 2025-26ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் 74,427 கோடி ரூபாய் அளவினது. அதற்கும் நாம் சந்தா செலுத்துகிறோம். சொத்துவரி என்றும், குடிநீர்க் கட்டணம் என்றும் அதற்குப் பெயர். பந்தற் செலவைக் கேட்டவருள் எத்தனை பேர் இதைப் பற்றி ஒரு சொல் கேட்டோம்?

நாம் குடியிருக்கும் கட்டடத்தின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒருமுறை கூடியபோது, சொத்துவரிச் சீட்டு படிக்கப்பட்டது. ஓய்வூதியத்தில் வாழும் பெரியவர் ஒருவர், “இந்த வீதத்தை நிர்ணயித்தவர் யார்? எந்த நாளில், எந்தக் கூட்டத்தில் நிர்ணயித்தார்கள்?” என்று வினவினார். அங்கிருந்த எவரிடமும் விடை இல்லை. நாமும் வாய் திறக்கவில்லை. நாற்பதாண்டுகள் இந்நகரில் வாழ்ந்தும் இதனை அறியாதிருந்தோமே என்ற நாணம் நம்மைப் பிடித்துக்கொண்டது. அந்த நாணத்தின் விளைவே இக்கட்டுரை.

பழைய நெறி இரண்டு

வரியைப் பற்றித் தமிழர் பேசத் தொடங்கினால் பிசிராந்தையார் நினைவுக்கு வருவது இயல்பு. பாண்டியன் அறிவுடைநம்பிக்கு அப்புலவர் கூறிய அறிவுரை புறநானூற்றில் உள்ளது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால், சிறு நிலத்தின் விளைவும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானையே வயலுக்குள் புகுந்துவிட்டால், அது உண்பதினும் அதன் காலடியிற்பட்டு அழிவது மிகுதி. அளவறிந்து வரி கொள்க என்பது கருத்து. எந்நாளும் பொருந்தும் உண்மை இது. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அங்கே அளவை அறிய வேண்டியவன் மன்னன். வயலுக்கு உரியவன் பேசவில்லை. அவன் பொருட்டுப் புலவர் பேசுகிறார்.

வயலுக்கு உரியவனே அளவைத் தீர்மானிக்கட்டும் என்ற கருத்து, வியப்புக்குரிய ஓரிடத்திலிருந்து சென்னைக்கு வந்தது. 1687ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் இலண்டனிலிருந்து எழுதிய மடலொன்றில், கம்பெனியின் அதிகாரத்தால் விதிக்கப்படும் ஆறு பென்ஸைக் காட்டிலும், மக்கள் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் ஐந்து ஷில்லிங்கை மனமுவந்து கொடுப்பர் என்று குறித்தனர். ஷில்லிங் ஒன்றுக்குப் பன்னிரண்டு பென்ஸ். ஆகவே, தாமே விதித்துக்கொள்ளும் வரி பத்து மடங்காயினும் மக்களுக்குப் பாரமாகத் தோன்றாது என்பது அவர்கள் கணக்கு. அடுத்த ஆண்டு, 1688 செப்டம்பர் 29ஆம் நாள், சென்னை மாநகராட்சி தோன்றியது. இந்தியாவின் முதல் மாநகராட்சி அதுவே.

வணிகக் கம்பெனியார் அறநோக்குடன் இதனைச் செய்தனர் என்று கொள்ள வேண்டுவதில்லை. அவர்களுக்குப் பணம் வேண்டியிருந்தது. புதிய மன்றத்தின் முதல் உறுப்பினர்களும் சாசனத்தால் பெயர் குறிக்கப்பட்டவர்களே அன்றி, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். ஆகவே இயக்குநர்கள் எழுதிய நெறி ஏட்டளவில் நின்றது. அது செயலுக்கு வருவதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆயின. அதற்காகப் பெரிதும் போராடிய நகரங்களுள் ஒன்று, நாம் பிழைப்பைத் தேடி வந்து வேரூன்றியிருக்கும் இந்தப் பம்பாய்.

கிராபோர்டு ஆண்ட காலம்

1668ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் இத்தீவை ஆண்டுக்குப் பத்துப் பவுன் குத்தகைக்குக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். முழு நகருக்கும் அன்று விதிக்கப்பட்ட வாடகை அவ்வளவே. நகரம் வளர்ந்தது, தெருக்களும் குப்பையும் சேர்ந்து வளர்ந்தன. 1793ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டமொன்று, கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களிலும் ‘ஜஸ்டிஸ்’ எனப்பட்ட கௌரவ நீதிபதிகளை நியமிக்க வழிசெய்தது. தெருவைத் துப்புரவு செய்யவும் செப்பனிடவும் காவல் வைக்கவும், வீடுகளின்மீதும் நிலங்களின்மீதும் வரி விதிக்கும் அதிகாரம் அவர்களுக்குக் கிடைத்தது. இன்று நம் கைக்கு வரும் வரிச்சீட்டின் மூதாதை அதுவே.

அதன்பின் 1845இல் துப்புரவுக் குழு ஒன்று அமைந்தது. 1858இல் மூன்று கமிஷனர்கள் கொண்ட ஆட்சி வந்தது. மூவரிடையே பொறுப்பு சிதறியதால் வேலை நடக்கவில்லை. ஆகவே 1865ஆம் ஆண்டின் சட்டம் அதிகாரம் முழுவதையும் ஒரே கமிஷனர் கையில் கொடுத்தது. ஜஸ்டிஸ்கள் கூடிய அவையே நகராண்மை மன்றம் ஆயிற்று. முதற் கமிஷனராக வந்தவர் ஆர்தர் கிராபோர்டு.

கிராபோர்டு ஆற்றல் மிக்கவர்; பொறுமை குறைந்தவர். அவர் காலத்தில் சாக்கடைகள் தூர் வாரப்பட்டன, சாலைகள் அகன்றன, தெருக்களில் எரிவாயு விளக்குகள் எரிந்தன. அவர் பெயரால் எழுந்த பெரிய சந்தை 1869இல் திறக்கப்பட்டது. மகாத்மா ஜோதிபா புலேயின் பெயரை இன்று தாங்கி நின்றாலும், நம் வீட்டுப் பெண்மணிகள் அதனைக் ‘கிராபோர்டு மார்க்கெட்’ என்றே வழங்குகின்றனர். நகரம் முன்னினும் தூய்மையுற்றதை அவரை எதிர்த்தவர்களும் மறுக்கவில்லை.

ஆனால், பணம்? அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பருத்தி விலை ஏறி, பம்பாயில் பங்கு வாணிபம் வெறியாக மூண்டிருந்த காலம் அது. போர் முடிந்தது. 1865 ஜூலை முதல் நாளன்று பங்குச் சந்தை சரிந்தது. வணிகர் பலர் ஒரே நாளில் ஓட்டாண்டிகள் ஆயினர். கிராபோர்டு பதவி ஏற்றதும் அதே ஆண்டில்தான். நகரத்தார் கை வறண்டிருந்த வேளையில் அவர் செலவை விரித்தார்; செலவு விரிய வரியும் ஏறியது; வரி போதாமற் கடனும் பெருகியது. கணக்குக் கேட்க வேண்டிய ஜஸ்டிஸ்களோ அரசாங்கத்தால் நியமிக்கப்பட்டவர்கள். பலருக்கு அது ஒரு பட்டம். கூட்டத்திற்கு வருவோரும் குறைவு. கணக்கைப் புரட்டுவோர் அதனினும் குறைவு.

1871ஆம் ஆண்டில் வரி செலுத்துவோரின் சினம் வெடித்தது. ஜேம்ஸ் போர்ப்ஸ் என்ற வணிகர் ஜஸ்டிஸ்களின் அவையில் சீர்திருத்தத் தீர்மானம் கொணர்ந்தார். நௌரோஜி பர்துன்ஜி போன்ற தலைவர்கள் வரி செலுத்துவோர் பக்கம் நின்றனர். கமிஷனர் பதவியை ஒழித்து, அதிகாரத்தை ஒரு குழுவிடம் கொடுப்பதே வழி என்று பெரும்பாலோர் எண்ணினர்.

இருபத்தாறு வயது இளைஞர்

அவ்வேளையில், 1871 நவம்பர் 29ஆம் நாள், பிராம்ஜி காவஸ்ஜி மண்டபத்தில் ஓர் இளம் வழக்கறிஞர் கட்டுரையொன்று வாசித்தார். அவருக்கு வயது இருபத்தாறு. இங்கிலாந்தில் சட்டம் பயின்று திரும்பி மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. அவர்தாம் பிரோஸ்ஷா மேத்தா.

அவர் கூறியது அவையினருக்கு உவப்பாக இல்லை. கிராபோர்டை ஏசுவார் என்று எதிர்பார்த்தவர்களிடம், கமிஷனர் ஒருவர் கையில் நிர்வாகம் இருப்பது தவறன்று என்றார் அவர். குழுவிடம் கொடுத்தால் மீண்டும் பொறுப்புச் சிதறும். 1858இன் கதையே திரும்பும். குறை கமிஷனரிடத்தில் இல்லை. அவரைக் கேள்வி கேட்க வேண்டிய அவையிடத்தில் இருக்கிறது. அவ்வவை அரசாங்கத்தின் நியமனத்தால் அமைந்தது. வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கும் மன்றத்தை அமையுங்கள். செலவும் வரிவீதமும் அம்மன்றத்தின் இசைவுக்கு உட்படட்டும். அதன்பின் கமிஷனர் எத்துணை வலியவராயினும் அஞ்ச வேண்டுவதில்லை. இதுவே அவர் வாதத்தின் சாரம்.

இக்கருத்தின் நுட்பத்தை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வரி ஏறும்போது வரி கேட்பவரை வைவது எளிது. நம் சார்பில் கேள்வி கேட்க யாரும் இல்லையே என்று காண்பது அரிது. அவ்விளைஞர் கண்டது அதனை.

அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி 64 உறுப்பினர் கொண்ட மாநகராட்சி மன்றம் அமைந்தது. அவருள் 32 பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தனர். 16 பேரை ஜஸ்டிஸ்கள் தேர்ந்தெடுத்தனர். 16 பேரை அரசாங்கம் நியமித்தது. 1873 செப்டம்பர் 4ஆம் நாள் அம்மன்றம் முதன்முறை கூடியது. இந்திய நகரமொன்றின் வரிப்பணத்தில் வரி கொடுப்பவருக்கும் பங்குண்டு என்பது அன்று செயலளவில் நிலைபெற்றது.

ஆயினும் வாசல் குறுகியது. ஆண்டுக்கு ஐம்பது ரூபாய்க்குக் குறையாமல் நகர வரி செலுத்தியோருக்கே வாக்குரிமை. ஆறு இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நகரில் வாக்காளர் ஒரு சிலரே. வீட்டுக்காரர் பேசினார், வாடகை கொடுத்தவர் பேசவில்லை. வீட்டுக்காரர் செலுத்திய வரி, வாடகைக்குள் மறைந்து குடியிருப்பவர் பையிலிருந்தே வந்தது என்பதை அன்று எவரும் கணக்கிற்கொள்ளவில்லை.

வீதம் பிறக்கும் நாள்

இன்றளவும் இம்மாநகரை ஆளும் அடிப்படைச் சட்டம் 1888ஆம் ஆண்டினது. சட்டமன்றத்தில் அதனைச் செப்பனிட்டவர்களுள் மேத்தாவும் காசிநாத் திரியம்பக் தெலாங்கும் முதன்மையானவர்கள். மன்ற உறுப்பினர் தொகை அப்போது 72 ஆயிற்று. அவருள் 36 பேர் வட்டந்தோறும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். எத்தனையோ திருத்தங்கள் வந்தும், அச்சட்டத்தின் எலும்புக்கூடு மாறவில்லை. நம் பெரியவர் கேட்ட வினாவுக்கு விடை அதில்தான் இருக்கிறது.

முதலில் ஆணையர் வரும் ஆண்டின் செலவையும் வரவையும் மதிப்பிடுகிறார். பிப்ரவரி 5ஆம் நாளுக்குள் அதனை நிலைக்குழுவின்முன் வைத்தல் வேண்டும். நிலைக்குழு ஒவ்வொரு தலைப்பையும் ஆராய்ந்து, கூட்டியும் குறைத்தும் மன்றத்திற்கு அனுப்புகிறது. மன்றம் விவாதிக்கிறது. மார்ச் 20ஆம் நாளுக்குள் வரும் ஆண்டுக்குரிய வரிவீதங்களை மன்றம் தீர்மானித்தல் வேண்டும். ஏப்ரல் முதல் நாள் புதிய ஆண்டு பிறக்கிறது. ஆண்டு முடிவில் குறைந்தது ஓர் இலட்சம் ரூபாயேனும் கையிருப்பு நிற்குமாறு திட்டம் வகுத்தல் வேண்டும் என்றும் சட்டம் விதித்தது. 1888இல் அது பெருந்தொகை. இன்று அத்தொகை எள்ளளவே. ஆயினும் அந்த விதியின் கருத்துச் சிறிதன்று. கடன்பட்டுக் கணக்கை மூடாதே என்று கிராபோர்டு காலம் கற்பித்த பாடம் அது.

இம்முறையில் செலவு முதலில் வருகிறது. வீதம் பின்னர் வருகிறது. இன்ன பணிகள் வேண்டும், இவ்வளவு ஆகும், வேறு வழிகளில் இவ்வளவு கிடைக்கும், எஞ்சியதை வீட்டின்மேல் வைப்போம் என்பது ஒழுங்கு. நம் இல்லத்தரசியர் மாத முதல்வாரத்தில் செய்யும் கணக்குக்கு இது நேர்மாறு. அவர்கள் வரவை அறிந்து செலவை அடக்குகிறார்கள். நகரமோ செலவை முடிவுசெய்து வரவைத் தேடுகிறது. ஆகவே, செலவை விவாதிக்கும்போது வாளாவிருந்துவிட்டு வரிச்சீட்டு வந்தபின் முறையிடுவதில் பயனில்லை. வீதம் மார்ச்சில் தீர்மானமாகிறது. அதற்குக் காரணமான செலவோ பிப்ரவரியிலேயே ஏட்டில் ஏறிவிடுகிறது.

வரியைக் கணிக்கும் முறையும் எளியதாகவே இருந்தது. ஒரு வீட்டை ஆண்டுக்கு என்ன வாடகைக்கு விடலாம் என்று மதிப்பிடுவர். பழுது பார்க்கும் செலவுக்காக அதில் பத்தில் ஒரு பங்கைக் கழிப்பர். எஞ்சியது வரிக்குரிய மதிப்பு. மாதம் நூறு ரூபாய் வாடகை பெறக்கூடிய வீடு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,200 ரூபாய். 120 கழிந்து 1,080 ரூபாய். மன்றம் நூற்றுக்குப் பத்து என வீதம் வகுத்தால் வரி 108 ரூபாய். இவ்வொரு வரியுடன் குடிநீர் வரியும் வேறு சிலவும் சேரும். மலம் அகற்றும் பணிக்கென அந்நாளில் ‘ஹலால்கோர் வரி’ என ஒன்று இருந்தது. அப்பணியைத் தலைமுறை தலைமுறையாகச் செய்த மக்களின் பெயரே வரியின் பெயராயிற்று. பின்னாளில் அது கழிவுநீர் வரியாகப் பெயர் மாறியது. நகரின் தூய்மை எவர் தோளின்மேல் நின்றது என்பதற்கு அப்பழம்பெயர் சான்று.

வாடகைக் குடியினர் வாய் திறந்தது

1896இல் பிளேக் நோய் வந்து பம்பாயை உலுக்கியது. நெருக்கடியைத் தளர்த்த 1898இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் தோன்றியது. தாதர், மாதுங்கா பகுதிகளில் நேர்த்தியான தெருக்களை அது வகுத்தது. எழுத்தராகவும் சுருக்கெழுத்தராகவும் கணக்கராகவும் தெற்கிலிருந்து வந்த நம்மவர் பலர் அத்தெருக்களில் வாடகைக்குக் குடியேறினர். வேறு பலர் தாராவியில் தோல் பதனிட்டும் கூலி வேலை செய்தும் வாழ்ந்தனர். இரு சாராரிடமும் சொந்த வீடு இல்லை. ஆதலால் நகரசபையில் குரலும் இல்லை.

1922ஆம் ஆண்டின் திருத்தம் ஒரு கதவைத் திறந்தது. மாதம் பத்து ரூபாயேனும் வாடகை கொடுப்பவர்க்கு வாக்குரிமை வந்தது. மாதுங்காவில் இரண்டறை வீட்டில் வாழ்ந்த தமிழ் எழுத்தர், இந்நகரின் குடிமகனாக எண்ணப்பட்டது அன்றுதான். தாராவித் தொழிலாளி மேலும் காத்திருக்க நேர்ந்தது. 1948ஆம் ஆண்டுத் தேர்தலில் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்கு வந்தபோது, வரி, வாடகை ஆகிய தடைகள் யாவும் நீங்கின. வரி கொடுத்தவனுக்கே வாக்கு என்று தொடங்கிய வரலாறு, வாழ்பவன் எவனுக்கும் வாக்கு என்பதில் முடிந்தது. அதுவே முறை. ஏனெனில், தன் பெயரில் வரிச்சீட்டு வராதவனும், வாங்கும் பொருளின் விலையிலும் கொடுக்கும் வாடகையிலும் நகருக்கு வரி செலுத்தியவனே ஆவான்.

உறைந்த வாடகை

இனிச் சொல்லப்போவது நம்மவர் சிலருக்குச் சற்றுக் கசப்பாயிருக்கலாம். உண்மையாதலால் சொல்லாமல் விடுவதற்கில்லை.

போர்க்கால நெருக்கடியில் வாடகை உயராமல் தடுக்கச் சட்டங்கள் வந்தன. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1940 செப்டம்பர் முதல் நாளன்று இருந்த வாடகையை அளவுகோலாகக் கொண்டது. குடியிருந்தோருக்கு அது பெருந்துணை. அச்சட்டம் இல்லாதிருந்தால் மாதுங்காவில் வாழ்ந்த பல தமிழ்க் குடும்பங்கள் சிதறியிருக்கும். ஆனால், வரி வாடகையைச் சார்ந்தது. வாடகை உறைந்தபோது வரியும் உறைந்தது. கல்கத்தா மாநகராட்சி தொடர்பான பத்மா தேவி வழக்கில் 1961இலும், குண்டூர் நகராட்சி வழக்கில் 1970இலும், தில்லியைச் சார்ந்த திவான் தௌலத்ராய் கபூர் வழக்கில் 1979இலும் உச்ச நீதிமன்றம் ஒரே நெறியை வலியுறுத்தியது. சட்டப்படி பெறக்கூடிய வாடகைக்கு மேல் ஒரு வீட்டின் ஆண்டு மதிப்பைக் கணித்தல் ஆகாது என்பதே அது.

விளைவு என்ன? தீவுநகரின் பழைய கட்டடத்தில் நாற்பது ரூபாய் வாடகை கொடுத்தவரின் வரி மிகச் சிறிது. புறநகரில் கடன் வாங்கிப் புது வீடு வாங்கியவரின் வரியோ பல மடங்கு. தந்தை மாதுங்காவிலும் மகன் முலுண்டிலும் வாழ்ந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அதே நகரம், அதே தண்ணீர், அதே குப்பை வண்டி. வரி மட்டும் மலைக்கும் மடுவுக்கும். வாடகை வருமானம் இல்லாததால் பழைய கட்டடங்களை உரிமையாளர்கள் பழுது பார்க்கவில்லை. அவை இடிந்து உயிர்களைக் கொண்டன. 1969இல் பழுதுபார்ப்பு வாரியம் அமைத்து, அதற்கெனத் தனி மேல்வரி விதிக்க வேண்டியதாயிற்று. நமக்கு நிழல் தந்த சட்டமே நம் கூரையை அரித்தது.

நகரசபையும் வீட்டுவரியின் குறையை வேறிடத்தில் நிரப்பிக்கொண்டது. நகருக்குள் வரும் சரக்கின்மீது விதித்த ‘ஆக்ட்ராய்’ என்ற நுழைவு வரி அதன் பெரிய வருவாய் ஆயிற்று. பொருளின் விலையோடு சேர்ந்து வந்ததால், செலுத்துகிறோம் என்பதே நமக்குத் தெரியவில்லை. தெரியாத வரியைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. 2017 ஜூலை முதல் நாள் சரக்கு சேவை வரி வந்தபோது ஆக்ட்ராய் மறைந்தது. அதற்கு ஈடாக மாநில அரசு தரும் தொகையை எதிர்நோக்க வேண்டிய நிலை நகருக்கு வந்தது. தானே விதித்துத் தானே பெறும் பெரிய வருவாய்களுள் எஞ்சி நின்றது சொத்துவரி.

மதிப்பின்மேல் வரி

வாடகையை விட்டு வீட்டின் மூலதன மதிப்பை அடிப்படையாகக் கொள்ளும் முறை 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. பத்திரப் பதிவுக்கென மாநில அரசு வெளியிடும் நில மதிப்பு அட்டவணை இதற்கு அடிப்படை. கட்டடத்தின் பரப்பு, வயது, வகை, பயன் ஆகியன கணக்கில் வரும். ஒரே மதிப்புள்ள வீட்டுக்கு ஒரே வரி என்ற அளவில் இது பழைய முறையினும் நேர்மையானது. எனினும் இதிலும் இடர் உண்டு. நில மதிப்பு ஏறுவதால் ஓய்வூதியம் ஏறுவதில்லை. வீட்டை விற்கப்போகாத முதியவருக்கு அதன் விலை வெறும் எண். வரியோ மெய்யான பணம்.

விதிகள் வகுத்த முறையும் நீதிமன்றத்திற்குச் சென்றது. அவற்றுள் சிலவற்றைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் செல்லாதெனத் தீர்த்தது. உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 7ஆம் நாள் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. நிலத்தில் இன்று இருப்பதை மதிப்பிடலாம். நாளை எழக்கூடியதை இன்றே மதிப்பிட்டு வரி கேட்டல் ஆகாது என்பது அதில் அடங்கிய நெறிகளுள் ஒன்று. வழக்குத் தொடுத்தோர் சொத்து உரிமையாளர்கள். 1871இல் மண்டபத்தில் கூடியவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள் என்றே சொல்லலாம்.

2022 ஜனவரியில் மற்றொன்று நிகழ்ந்தது. 500 சதுர அடி வரையுள்ள குடியிருப்பு வீடுகளுக்குச் சொத்துவரி முழுவதும் விலக்கப்படும் என மாநில அரசு அறிவித்தது. நம்மவருள் பலர் இதனால் பயனடைந்தோம், மகிழ்ந்தோம். சிறு வருவாயினர்க்குச் சலுகை தருதல் தக்கதே. ஆனால் ஒரு வினா நெஞ்சில் நிற்கிறது. வரி இல்லையாதலால் கேள்வியும் இல்லை என்று நாம் அமைந்துவிடலாமா? விலக்கைக் கொடுத்தவர் மாநில ஆட்சியாளர். வருவாயை இழந்தது மாநகராட்சி. அவ்விழப்பை எங்கே ஈடு செய்கிறார்கள், எந்தப் பணி சுருங்குகிறது, எந்தக் கட்டணம் ஏறுகிறது என்பதை அறிய வேண்டியவர் சிறு வீட்டில் வாழ்வோரே. ஏனெனில், தண்ணீர் நின்றால் லாரித் தண்ணீருக்குப் பணம் கொடுக்க இயலாதவரும், நகர மருத்துவமனை சீர்கெட்டால் வேறிடம் செல்ல இயலாதவரும் அவர்களே.

அவ்வாண்டு மார்ச் 7ஆம் நாளன்று மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. உரிய காலத்தில் தேர்தல் நடைபெறவில்லை. 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் வரவு செலவுத் திட்டத்தை வகுத்த ஆணையர், நிர்வாகி என்ற முறையில் தாமே அதனைப் பெற்றுக்கொண்டார். அவ்வலுவலர்களின் திறமையையோ நேர்மையையோ நாம் ஐயுறவில்லை. கிராபோர்டும் திறமை உடையவர்தாம். மேத்தா கேட்டது திறமையைப் பற்றி அன்று. கேள்வி கேட்கும் அவையைப் பற்றி. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் முன்னோர் போராடிப் பெற்ற அவை மூன்று பட்ஜெட்டுகளின்போது இல்லாதிருந்தது. நம் காலனிகளில் அதனைக் குறித்து எத்தனை வீடுகளில் பேச்சு எழுந்தது?

நாம் செய்யக்கூடியது

“நாம் வந்தேறிகள், இவ்வூர் அரசியல் நமக்கேன்?” என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. பிள்ளைகள் படித்தால் போதும், கோயிலும் சங்கமும் நடந்தால் போதும் என்று இருந்துவிடுகிறோம். மூன்று தலைமுறை வாழ்ந்தபின்னும் வந்தேறி என்று நம்மை நாமே சொல்லிக்கொண்டால், பிறர் சொல்வதற்கு வருந்துவதில் பொருளில்லை. ஓர் ஊரில் வரி கொடுத்து வாய் மூடியிருப்பவன் விடுதியில் தங்கியவன். கணக்குக் கேட்பவன் வீட்டுக்காரன்.

பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை. பிப்ரவரி முதல் வாரத்தில் வெளிவரும் வரவு செலவுத் திட்டத்தில், நம் வட்டத்துப் பள்ளிக்கும் சாலைக்கும் மருந்தகத்திற்கும் என்ன ஒதுக்கினார்கள் என்று பார்க்கலாம். 2025-26ஆம் ஆண்டுத் திட்டத்திற்கு மக்களின் கருத்துகளையும் மாநகராட்சி முன்கூட்டியே கேட்டிருந்தது. அத்தகைய வாய்ப்பு வரும்போது சங்கத்தின் பெயரால் ஒரு மடல் எழுதலாம். வீட்டின் மதிப்பீடு தவறென்று தோன்றினால் உரிய நாளுக்குள் முறையீடு செய்யவும், அதன்பின் ஸ்மால் காஸஸ் நீதிமன்றத்தை நாடவும் சட்டம் இடந்தருகிறது. மராத்தி தெரிந்த நம் பிள்ளைகள் வரிச்சீட்டைத் தாத்தா பாட்டிக்குப் படித்துக் காட்டலாம். பொது வரி, குடிநீர் வரி, கழிவுநீர் வரி, கல்வி மேல்வரி, மர வரி, தெரு வரி என்று அதில் உள்ள ஒவ்வொரு பெயரின் பின்னும் ஒரு கதை இருக்கிறது.

சர்ச்கேட் பக்கமோ போரிபந்தர் பக்கமோ செல்லும்போது, 1893இல் கட்டி முடித்த மாநகராட்சி மாளிகையின் எதிரே நிற்கும் சிலையை நாம் அனைவரும் கண்டிருப்போம். பேருந்துக்கு விரையும் அவசரத்தில் அது யாருடையது என்று கேட்டிருக்கமாட்டோம். அது பிரோஸ்ஷா மேத்தாவின் சிலை. வரிவீதம் தீர்மானிக்கும் மன்றத்தின் வாயிலிலே, வரி கொடுப்பவன் சார்பில் நிற்பதுபோல் நிற்கிறார்.

எங்கள் கட்டடத்துப் பெரியவரிடம் இவ்வளவையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். “மார்ச் இருபதுக்குள் என்றா சொன்னீர்கள்?” என்று மீண்டும் ஒருமுறை கேட்டு, தம் நாட்காட்டியை எடுத்து, அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். சற்று யோசித்து, பிப்ரவரி ஐந்தையும் வட்டமிட்டார்.